மீண்டும் வருவேன்

கொன்றைக்கரை மடத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. அதைக் கவனித்துக்கொண்டவர் பெயர் சம்பந்தம். விளம்பர நிறுவனம் ஒன்றில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு, ஞானம் வேண்டும் என்று மடத்தில் சேர்ந்தவர். குருவான மங்கையம்மை அவரைவிட வயதில் இளையவர். அது சம்பந்தத்துக்குக் கொஞ்சம் உறுத்தும். அம்மைக்கு இணையம் தெரியாது என்று நினைத்து ஆறுதல் தேடிக்கொள்வார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மடிக்கணினியும் கையுமாக அம்மை முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம்மா."

"கேளுங்க."

"மத்தவங்க நம்ம தளத்தைச் சுட்டிக் காட்டினாத்தான் தேடுபொறி நம்மை மேல ஏத்தும். அதுக்காகத் தினமும் ஊரார் பக்கத்துக்கெல்லாம் போறேன். நல்லதா நாலு வார்த்தை எழுதி, மடத்து இணைப்பையும் வெச்சுட்டு வர்றேன். ஒருத்தரும் திரும்ப நம்ம பக்கம் வர்றதில்லை. சில பேர் நம்ம பேரைப் பார்த்ததுமே கதவைச் சாத்துறாங்க. தேடுபொறியும் முன்னைவிடக் கீழ தள்ளிடுச்சு. ஏம்மா?"

இப்படி எழுதுவதற்குப் பின்னூட்டம் என்று பெயர். பெயர் வைத்தவர் நல்ல மனசுக்காரர். அதில் ஏதோ ஊட்டம் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்.

"என்ன நாலு வார்த்தை?" என்றார் அம்மை.

சம்பந்தம் படித்துக் காட்டினார். "'அருமையான பதிவு. வாழ்த்துக்கள். மீண்டும் வருவேன். எங்கள் மடத்துக்கும் வாருங்கள்.' கீழ இணைப்பு."

"எல்லா வீட்டுலயும் இதேதானா?"

"ஆமாம்மா. எழுதி வெச்சிருக்கேன். எடுத்து ஒட்டுறதுதான்."

"ரசம் வைக்கிறது எப்படின்னு எழுதினவருக்கும்?"

"அவருக்கும்தான்."

"அவர் வந்தா நல்லதுதான். நம்ம மடத்து ரசம் சரியில்லை." அம்மை சிரிக்கவில்லை. "படிச்சுட்டு ஒட்டுவீங்களா?"

"படிச்சுக்கிட்டிருந்தா ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுக்கும்மா போக முடியும்?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பெயர்தான் சம்பந்தமே தவிர, மனிதர் போய்வந்தது முழுக்கச் சம்பந்தமில்லாத இடங்களுக்கு.

"ஏதாவது ஒரு வீட்டைக் காட்டுங்க."

அவர் கைக்கு வந்த ஒன்றைத் திறந்து, திரையை அம்மை பக்கம் திருப்பினார். அம்மை வெகுநேரம் பார்த்தார்.

"வாழ்த்துகள். நடுவுல ஒற்று வராது."

சம்பந்தத்துக்கு மூச்சு வந்தது. எழுத்துப் பிழைக்கு வெட்கப்படுவது சுகமான வெட்கம்; திருத்திவிட்டால் தீர்ந்துபோகும். "கவனிக்கலைம்மா" என்று சொல்லிக்கொண்டே திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். அதன் முன்னால் விளக்கு. கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தது. எழுதியவர் பெயர் நாச்சம்மை. எல்லாவற்றுக்கும் அடியில், மடத்தின் பெயரில், 'அருமையான பதிவு. வாழ்த்துக்கள். மீண்டும் வருவேன்.'

அவருக்குக் காது மடல் சுட்டது. சட்டென்று படத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும் யாரும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போவதுதான் முறை. மீண்டும் வருவேன் என்றால், அந்த வீட்டில் மீண்டும் ஒரு சாவு விழட்டும் என்றாகிவிடும். சின்ன வயதில் இப்படி வாய் தவறிச் சொல்லிவிட்டு, தெருவிலேயே அப்பாவிடம் அடி வாங்கியவர் சம்பந்தம்.

"அழிச்சிடட்டுமாம்மா?"

"முடியுமா?"

அவர் யோசித்தார். "முடியாது. வீட்டுக்காரங்கதான் அழிக்கணும்."

"ஓ. நீங்க போட்ட குப்பையை அவங்க கூட்டணும்."

சம்பந்தம் குனிந்துகொண்டு நாச்சம்மைக்கு மின்னஞ்சல் தட்டினார். முடித்ததும் அம்மையிடம் காட்டினார். 'தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம். அறியாமல் நேர்ந்த பிழையைப் பொறுத்து, எங்கள் பின்னூட்டத்தை நீக்கிவிட வேண்டுகிறோம்.'

"அடியில நீலமா என்ன அது?"

மடத்து இணைப்பு. எதை எழுதினாலும் கீழே தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்படி அவரேதான் செய்து வைத்திருந்தார். அதை நீக்கினார்.

"'வேண்டுகிறோம்'னு இருக்கே. அந்த வீட்டுக்கு எத்தனை பேர் போனீங்க?"

"நான் மட்டும்தாம்மா."

'கிறோம்' எல்லாவற்றையும் 'கிறேன்' ஆக்கி அனுப்பினார்.

அம்மை மோர் குடித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. சம்பந்தம் சத்தமாகத்தான் படிக்கத் தொடங்கினார். போகப் போகக் குரல் இறங்கியது.

'நீக்க மாட்டேன் ஐயா. அந்தப் பதிவுக்கு வந்தது உங்களுடையது ஒன்றுதான். துக்க வீட்டில் யாரும் மீண்டும் வருவேன் என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொன்னீர்கள். தெரிந்தேதான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் திறந்து பார்ப்பேன், வந்தீர்களா என்று.'

வெளியே யாரோ கிணற்றில் வாளி இறக்கும் சத்தம் கேட்டது.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்மா" என்றார் சம்பந்தம்.

"ஆமா. உங்களுக்கு."

அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"இதுக்கு நான் என்னம்மா எழுதறது? நீங்க சொல்லுங்க, ஒரு எழுத்து மாத்தாம அப்படியே எழுதிடறேன்."

மங்கையம்மை மடிக்கணினியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"செத்துப்போன பொண்ணு அவங்களுக்கு என்ன வேணும்?"