வெண்காலி படுக்காத வருஷம்

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் வாய் ஓயாமல் பேசித் திரிந்தபோது, குதிரைக்கு இப்போதிருக்கும் குச்சிக்கால் கிடையாது. குளம்பு வரைக்கும் கொழுகொழுவென்று சதை. உள்ளே எலும்பை இழுத்துப் பிடிக்க மெல்லிசாக ஒரே ஒரு நாண் ஓடும், அவ்வளவுதான். மாடு, ஆடு போலக் குதிரையும் படுத்துத்தான் தூங்கும்.

கடலோரப் புல்வெளியில் வெண்காலி என்றொரு பெண்குதிரை இருந்தாள். தன் வெள்ளைக் கால்கள்மேல் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர் குடிக்கப் போனால் குட்டையில் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். பார்க்கட்டுமே, அழகு இருக்கிறது, பார்க்கிறாள். நமக்கென்ன?

அவள் குட்டி போட்ட மூன்றாம் நாள் நரிகள் வந்தன. குட்டியை முன்னே விரட்டிவிட்டுப் பின்னால் ஓடினாள். வழியில் ஒரு நண்டு வளை. முன்னங்கால் அதற்குள் இறங்கியது. காலின் பின்புறம் பட்டென்று ஏதோ அறுந்தது. அதற்குமேல் ஓர் அடி ஓட முடியவில்லை. திரும்பி நின்று அவள் விட்ட உதையில் ஒரு நரிக்கு முன்பல் போயிற்று. மற்றவை எட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

"உதை மகராசி, உதை," என்றது கிழநரி. "எத்தனை நாள் நிப்பே? கண்ணு சொக்கினா படுத்துத்தானே ஆகணும்? படுத்தா அந்தக் காலோட எந்திரிக்கவா போறே? குட்டி எங்களுக்குத்தான்."

அது பொய் சொல்லவில்லை என்று வெண்காலிக்குத் தெரியும். குட்டியோ ஒன்றும் அறியாமல் மடியை முட்டிமுட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பனையில் கூடு பின்னிக்கொண்டிருந்த தூக்கணாங்குருவி இறங்கி வந்து காலைப் பார்த்தது.

"நாண் அறுந்துபோச்சு அக்கா. முடிச்சுப் போட்டு விடறேன். ஆனா சதை மாதிரி பத்து நாள்ல ஆறாது. நாணுக்குள்ள ரத்தம் ஓடறது கம்மி. இந்த மழை போய் அடுத்த மழை வரணும்."

"அதுவரைக்கும் நான் படுக்காம நிக்கணும். அதுக்கு வழி சொல்லு."

குருவி தயங்கியது. "காலைப் பூட்டி வைக்கிற மாதிரி வார் பின்னலாம். தூங்கினாலும் மடங்காது. நாலு காலுக்கும் வேணுமே, பனைநார் உன் பாரத்தைத் தாங்காது. உன் கால் சதையைப் பிரிச்சு முறுக்கினாத்தான் உண்டு. அழகெல்லாம் போயிடும் அக்கா."

வெண்காலி குனிந்து தன் கால்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு குட்டியைப் பார்த்தாள்.

"எடுத்துக்கோ," என்றாள். "முட்டிக்குக் கீழே துளி மிச்சம் வைக்காதே."

குருவி சதையை இழை இழையாகப் பிரித்தது, முறுக்கியது, எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டியது. அவள் குட்டியை நக்கிக் கொடுத்தபடியே நின்றாள்.

பொழுது சாய்ந்ததும் வெண்காலி நின்றபடியே கண்ணயர்ந்தாள். கிழநரி மெல்லக் கிட்டே வந்து பார்த்தது. கால் மடங்கவில்லை.

"நாளைக்கு விழுவா," என்றது.

மறுநாளும் அதையேதான் சொன்னது. மழை விட்டுப் பனி வந்தது, பனி போய் வெயில் வந்தது. நரிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் கிழநரியும் வாலைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

அடுத்த மழையில் நாண் கூடியது. முடிச்சுப் போட்ட இடத்தில் மட்டும் ஒரு தடிப்பு நின்றுவிட்டது.

"இதைக் கொத்திச் சமனாக்கட்டுமா அக்கா?" என்று கேட்டது குருவி.

"கிடக்கட்டும். என் கால்ல இப்ப அழகா இருக்கிறது அது ஒண்ணுதான்," என்றாள் வெண்காலி. சொல்லிவிட்டு ஓடினாள் பாருங்கள், சதைப் பாரம் இல்லாத அந்தக் காலோடு புல்வெளியில் அவளை எட்டிப் பிடிக்க ஒரு பிராணி இல்லை.

அவள் வழி வந்த குதிரைக்கெல்லாம் முட்டிக்குக் கீழே எலும்பும் நாணும்தான். அறுந்தால் ஆற மாசக்கணக்காகும், ஆறிய இடத்தில் தடிப்பு நிற்கும். அன்று முதல்தான், குட்டி காலை நீட்டிப் படுத்துத் தூங்கும்போது, தாய்க்குதிரை அதன் பக்கத்தில் நின்றுகொண்டே தூங்குகிறது.