கடைசிப் பாயில் உட்கார்ந்தவன்

தங்கையா ரிட்டயர்டு ஏட்டு. ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார் கிருபாகரன், வயதில் அவரைவிடச் சின்னவர். காக்கியைக் கழற்றினால் போலீஸ் புத்தி போய்விடுமா? யாரைப் பார்த்தாலும் ஏட்டுக்குச் சந்தேகம்தான்.

இந்த முறை சந்தேகத்தில் தப்பில்லை. சபை கூடும் ஓலைக் கொட்டகையில் ஜெபம் நடத்தக் கூடாது என்று மேலத்தெரு குருசாமி மிரட்டிக்கொண்டிருந்தான். அவன் ஆட்கள் எறிந்த கல்லில் உபதேசியாருக்கு நெற்றியில் தையல். அவனுக்குப் பயந்து கடைக்காரன் சபையாருக்கு அரிசி தர மாட்டேன் என்கிறான். இந்த நேரம் பார்த்து குருசாமியின் மச்சான் சின்னத்தம்பி ஞாயிறுதோறும் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தான். பாட்டுக்கு வாய் திறப்பதில்லை, காதை மட்டும் தீட்டி வைத்திருந்தான்.

ஏட்டு சபையாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விண்ணப்பத்தை எல்லாம் மனசுக்குள்ளயே சொல்லுங்க. வாயைத் திறந்தா அங்க போயிரும்."

நியாயம்தானே. ஜெபம் என்ற பேரில் வீட்டுச் சங்கதி முழுவதையும் உரக்க ஒப்பிப்பது நம் ஜனங்களின் வழக்கம். யார் ஊருக்குப் போகிறார்கள், யார் வீட்டில் ஆம்பளை இல்லை, ஆண்டவரிடம் சொல்லும் சாக்கில் கொட்டகைக்கே தெரிந்துவிடும்.

அந்த ஞாயிறு சபை வாயே திறக்கவில்லை. உபதேசியார் மட்டும் எழுந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆண்டவரே! குருசாமி அண்ணன் மகளுக்குப் பிரசவ நேரம். தாயும் பிள்ளையும் நல்லபடியா பிழைக்கணும். அண்ணன் மேல எங்களுக்குக் கோபம் இல்ல. ஆனா அவரைக் கண்டா பயமா இருக்கு. பயந்தாலும் அடுத்த வாரமும் இங்கதான் கூடுவோம். ஓடிப்போகாம எங்களைப் பிடிச்சுக்கிடும்!"

ஜெபம் முடிந்ததும் சின்னத்தம்பி எழுந்து போனான். ஏட்டுக்கு வந்ததே கோபம்.

"என்ன ஐயா, கூறு கெட்டுப்போச்சா? பயம்னும் சொல்லிட்டீங்க, எப்போ கூடுவோம்னும் சொல்லிட்டீங்க. கொட்டகையைக் கொளுத்திட்டான்னா எங்க போவோம்?"

"கொளுத்தினாலும் கொளுத்துவான்."

"இவன் வேவு பாக்க வந்தவன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"வந்த அன்னைக்கே தெரியும்."

"அப்போ அடுத்த வாரம் வாசல்ல நின்னு நானே விரட்டுறேன்."

உபதேசியார் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"வேண்டாம் ஏட்டையா. மேலத்தெருவுல என்னைக் கால் வைக்க விட மாட்டாங்க. நாம ஜெபிக்கிறத அங்க கொண்டுபோய்ச் சேர்க்க அவன் ஒருத்தன்தான் இருக்கான். ஒரு வார்த்தை விட்டுப்போயிரக் கூடாதுன்னுதான் அப்படிக் கத்துனேன்."