இறக்கி வைத்த சுண்டல்

சிறுமலையில் ஒரு சின்ன மடம். அதில் இருப்பது ஒரே ஒரு சாமியம்மா. வயது நாற்பத்தைந்து இருக்கும். அவரிடம் சிஷ்யையாகச் சேர வந்த அமிர்தவல்லிக்கோ அறுபது.

அமிர்தவல்லி உணவுப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். மனிதர்களையும்தான்.

"இனிமே இங்கேயே இருந்துக்கிறேன் சாமி. வீட்டுல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. ரெண்டு வருஷமா ஒத்தைத் தட்டைத்தான் கழுவிக் கழுவி வைக்கிறேன்."

"கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?"

"தங்கச்சி ஒருத்தி இருக்கா. பேச்சு வார்த்தை இல்லை."

சாமியம்மா எழுந்து உள்ளே போனார். ஊறவைத்த கொண்டைக்கடலையை எடுத்து வந்தார்.

"சுண்டல் பண்ணுங்கம்மா. சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

அமிர்தவல்லி கடலையை வேகவைத்து, தாளித்து, வாணலியில் கொட்டிக் கிளறினாள். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒண்ணு கேக்குறேன் சாமி. நூறு கிராம் கடலையில புரதம் மட்டும் பத்தொன்பது கிராம். இரும்பு இருக்கு, நார் இருக்கு. எலுமிச்சையில என்ன இருக்கு? புரதம் ஒரு கிராம். மிச்சமெல்லாம் தண்ணியும் புளிப்பும். ரெண்டுல எது ஒசத்தி?"

"வைட்டமின் சி?"

"அது இருக்கு," என்றாள் வேண்டாவெறுப்பாக.

"சரி. இதுல கடலை யாரு?"

கரண்டி நின்றது.

"நான்தான். படுத்த படுக்கையாக் கிடந்த அம்மாவை நாலு வருஷம் தூக்கி உக்கார வச்சது நான். தங்கச்சி கோமளா ஞாயித்துக்கிழமை வருவா. சிரிக்கச் சிரிக்கப் பேசுவா, போயிருவா. கடைசியில அம்மா கேட்டது அவளைத்தான்."

பாவம், இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாமியம்மா வாணலியை எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"கடலையில உள்ள இரும்பு முழுசும் உடம்புல சேந்துருமா?"

"எங்கே சேருது! கொஞ்சந்தான் சேரும். கூட எலுமிச்சை..."

சட்டென்று நிறுத்தினாள். வேலையில் இருந்தபோது ஊருக்கெல்லாம் சொன்ன விஷயம்தான்.

"கூட எலுமிச்சை பிழிஞ்சா நல்லாச் சேரும்," என்று மெல்ல முடித்தாள்.

பிறகு அவசர அவசரமாகப் பழத்தை நறுக்கி வாணலிக்கு மேலே கொண்டு போனாள். சாமியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடுப்புல இருக்கும்போது பிழிஞ்சா கசந்துரும்."

அமிர்தவல்லி வாணலியை இறக்கித் தரையில் வைத்தாள். அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவை எடுத்த அன்னிக்கே கோமளா வந்து இப்படித்தான் கையைப் பிடிச்சா. 'என்கூட வந்துரு அக்கா'ன்னா. 'போடீ'ன்னு உதறிட்டேன். அதுக்கப்புறம் என்னை அக்கான்னு கூப்பிட ஆளில்லை."

மடத்துக்கு வெளியே காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. சுண்டலில் ஆவி அடங்கியது.

"ரெண்டு வருஷம் ஆச்சு சாமி. எல்லாம் ஆறிப் போச்சு. இனிமே போயி என்ன ஆகப் போகுது?"

சாமியம்மா நறுக்கிய எலுமிச்சை மூடி ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆறின பிறகுதான் பிழியணும், அக்கா."