காவலுக்கு நின்ற அழுங்கு

அந்தக் காலத்தில் விலங்குகளுக்கு வாயும் இருந்தது, நாடும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் அவர்களுக்குத் தெரியவில்லை. யானை நாடு, காட்டெருமை நாடு, கரடி நாடு, குரங்கு நாடு என்று மொத்தம் ஏழு நாடுகள். ஏழுக்கும் நடுவில் ஒரே ஒரு ஏரி. மூன்று வருடம் மழை பெய்யும், ஏரி நிறையும், எல்லோரும் வயிறு நிறையக் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் மாமன் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நான்காம் வருடம் வானம் பொய்த்துவிடும். ஏரி குட்டையாகிவிடும். மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. யார் முதலில் குடிப்பது என்று ஏரிக்கரை மைதானத்தில் போர் தொடங்கும். இரண்டிரண்டு நாடாக மோதுவார்கள். தோற்ற நாடு செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு திரும்பும். ஜெயித்த நாடு மறுநாள் இன்னொரு நாட்டோடு மோதும். கடைசியில் ஒரு நாடு ஜெயித்துக் குட்டைக்கு வரும்போது, தண்ணீர் மிச்சம் இருக்கும், குடிக்கத்தான் ஆள் இருக்காது.

அழுங்குகளுக்கு மட்டும் நாடு இல்லை. உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல் கிடையாது, எறும்பை நக்கித் தின்று மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கிற சாதுக்கள். அந்த மைதானத்துக்கு அடியில்தான் அவர்கள் வளைகள் இருந்தன. மேலே படை மொத்தமாகப் பாய்ந்து மோதினால் கீழே கூரை இடியும். போன போரில் சடைச்சி என்ற அழுங்கின் அம்மாவும் அப்பாவும், அவள் பெற்ற முதல் குட்டியும் அப்படித்தான் மண்ணோடு போனார்கள். அவர்களைக் கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அங்கே அவர்கள் இருந்ததே யாருக்கும் தெரியாது. சடைச்சிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. இப்போது அவளுக்கு மிச்சம் இருந்தது வளைக்குள் தூங்கும் ஒரு கைக்குட்டியும், தம்பி சுருளனும்தான்.

எந்த நாட்டையும் சேராதவர்கள் என்பதால் தூது போகிற வேலை அழுங்குகளுக்கு என்று வைத்திருந்தார்கள். போர் தொடங்குமுன் ஓர் அழுங்கு மைதானத்தின் நடுவில் போய் நின்று, "சமாதானமா, சண்டையா?" என்று இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் சண்டை என்று சொல்லும். அழுங்கு ஓடி வந்துவிடும். பிறகு முரசு முழங்கும். சமாதானம் என்று யாரும் ஒருநாளும் சொன்னதில்லை, ஆனாலும் கேட்காமல் சண்டை போட்டால் மரியாதை இல்லையாம். அந்த வருடம் கேட்கிற முறை சுருளனுக்கு வந்தது.

"கேட்டதும் ஓடியாந்துடணும். என்ன ஆனாலும் சுருண்டுக்காதே," என்றாள் சடைச்சி.

"அது எனக்குத் தெரியாதாக்கா?"

"உனக்குத் தெரியும்டா. உன் உடம்புக்குத் தெரியாதே."

அவள் சொன்னதில் தப்பில்லை. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் காலுக்குப் போகும். அழுங்குக்கு முதுகுக்குப் போகும். தலையை வயிற்றுக்குள் செருகி, வாலை மேலே சுற்றி, உருண்டையாகிவிடும். அப்படி ஆகிவிட்டால் தானே நினைத்தாலும் விரிய முடியாது. சொந்தக்காரர் ஒருவர் வந்து முதுகில் மூன்று தட்டு தட்டி, "நான்தான்" என்று சொன்னால்தான் உடம்பு நம்பும்.

அன்று யானைகளும் காட்டெருமைகளும் எதிரெதிரே நின்றார்கள். மற்ற ஐந்து நாட்டுக்காரர்களும் மேட்டில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். சுருளன் நடுவில் போய் நின்று, "சமாதானமா..." என்று தொடங்கினான். மேட்டில் முரசு வைத்திருந்த கரடிக்கு என்ன அவசரமோ, அவன் அடுத்த வார்த்தை சொல்லுமுன் ஓங்கி அடித்துவிட்டது. ஓட வேண்டிய இடத்தில் சுருளன் சுருண்டான்.

யானை நாட்டுத் தலைவி கரியம்மா முதலில் பாய்ந்து வந்தாள். வழியில் ஏதோ கிடந்தது, காலால் தள்ளினாள். அது உருண்டு போய்க் காட்டெருமைத் தலைவன் வெள்ளைக்காலனின் குளம்பில் முட்டியது. யானைகள் தன் மேல் எதையோ எறிகிறார்கள் என்று நினைத்து அவனும் ஓர் உதை விட்டான். அது திரும்பி வந்து கரியம்மாவின் நாலு காலுக்கும் நடுவில் புகுந்து பின்னால் போனது. அவள் குனிந்து தன் வயிற்றுக்குக் கீழே தேடினாள்.

மேட்டில் ஒரு குரங்கு சிரித்தது. பக்கத்தில் இருந்த கரடி சிரித்தது. பிறகு காட்டெருமைகளும், கொஞ்சம் வெட்கப்பட்டு யானைகளும் சிரித்தார்கள். அந்த மைதானத்தில் அதுவரை யாரும் சிரித்ததில்லை. சிரித்த குரங்கு குதித்து ஓடிவந்து உருண்டையைக் கையால் எடுத்தது. செதிலின் விளிம்பு கத்தி மாதிரி விரல்களை வெட்டியது. ஒரு யானை தும்பிக்கையை நீட்டிப் பார்த்தது, அதற்கும் ரத்தம்தான். "கையே வேணாம், காலாலயே தள்ளுங்க," என்றான் வெள்ளைக்காலன். அப்படித்தான் ஆட்டம் பிடித்தது. உருண்டை போன பக்கம் ஒன்றிரண்டு பேர்தான் ஓடினார்கள், மற்றவர்கள் நின்று பார்த்தார்கள்.

சடைச்சி மைதானத்தின் ஓரத்தில் நின்று, "அது என் தம்பிங்க, அது என் தம்பிங்க," என்று கத்திக்கொண்டே இருந்தாள். யார் காதிலும் விழவில்லை. யானைகளின் பக்கம் மைதானம் முடிகிற இடத்தில் இரண்டு மருத மரங்கள் நின்றன. அவற்றுக்கு நடுவில் தாண்டினால் பாறைச் சரிவு, விழுந்தால் எலும்புகூடத் தேறாது. காட்டெருமைகள் உதைத்த ஒவ்வோர் உதையும் சுருளனை அந்த இடைவெளிக்குத்தான் கொண்டுபோனது. அவள் ஓடிப்போய் இரண்டு மரத்துக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

அடுத்த உதையில் அவன் வேகமாக வந்தான். அவள் மேலே விழுந்து பிடித்தாள். செதில் படிந்திருக்கிற திசையிலேயே தடவிப் பிடித்தால் கை வெட்டுப்படாது. அது அழுங்குக்கு மட்டும் தெரிந்த பிடி. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று தட்டு தட்டினாள்.

"நான்தான்."

உருண்டை கொஞ்சம் தளர்ந்தது. "அக்கா," என்றான் உள்ளேயிருந்து.

"வந்துட்டேன்டா. வா, போயிடலாம்."

அவள் திரும்பினாள். மைதானம் அமைதியாகிவிட்டது. விளையாட ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்ற யானைகள் காட்டெருமைகளைப் பார்த்தார்கள். எதற்காக வந்தோம் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. தந்தங்கள் நிமிர்ந்தன, கொம்புகள் தாழ்ந்தன.

"அக்கா, என்ன சத்தத்தையே காணோம்?" என்று கேட்டான் சுருளன்.

"ஒண்ணுமில்லடா."

"சண்டைக்கு நிக்கிறாங்களா?" அவள் அவனை இறுக்கிக்கொண்டாள். "நீ என்னை வெச்சுக்கிட்டா அவங்க சண்டையை எடுத்துக்குவாங்க. குட்டி வளைக்குள்ளதானே இருக்கா? நம்ம ஆளுங்க எல்லாரும் கீழேதானே இருக்காங்க?"

"ஆமா."

"அப்ப வீசிடுக்கா."

"வலிக்குமேடா."

"ஓடு கெட்டியாத்தான் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் தாங்கிட்டா இவங்களே களைச்சுப் போயிடுவாங்க. வீசு."

சடைச்சி அவனை இன்னும் ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தாள். பிறகு இரண்டு கையாலும் தூக்கி மைதானத்துக்குள் எறிந்தாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தானும் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

வெயில் ஏறியது, இறங்கியது. அவன் திரும்பத் திரும்ப வந்தான். ஒவ்வொரு தடவையும் அவள் விழுந்து பிடித்து, தட்டி, "நான்தான்" என்றாள். "தெரியுது, வீசு," என்றான் அவன் முதலில். பிறகு "வீசு" மட்டும். பிறகு "ம்" மட்டும். பொழுது சாய்கிற நேரத்தில் வந்தபோது மூன்று தட்டு தட்டினாள், சொன்னாள். மறுபடி தட்டினாள், மறுபடி சொன்னாள். உருண்டை தளரவே இல்லை. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் எல்லோரும் களைத்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சாகவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். கரியம்மா ஒரு சுரைக்காய்க் கோப்பையில் குட்டையின் முதல் தண்ணீரை மொண்டு கொண்டுவந்தாள்.

"நீதான்மா இன்னிக்கு ஜெயிச்சவ. குடி."

சடைச்சி அதை வாங்கித் தம்பியின் வாய் இருக்கும் இடத்தில் ஊற்றினாள். தண்ணீர் செதில்களின் மேல் வழிந்து மண்ணில் இறங்கியது. அப்போதுதான் கரியம்மாவுக்கு அது என்ன என்று புரிந்தது. அவள் தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்கள்.

கொஞ்ச நேரம்தான். வெள்ளைக்காலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா போர் நின்னுடுச்சே. நாலு வருஷம் கழிச்சு மறுபடி ஏரி வத்தும். அப்ப ஏழு நாடும் கூடி இதே மாதிரி வெச்சுக்கலாம். ஜெயிச்சவங்களுக்கு முதல் கோப்பைத் தண்ணி," என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதுக்கு உங்க ஆளுங்கள்ல யாரு வருவாங்க?" என்று கேட்டான்.

சடைச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "யாரும் வர மாட்டாங்க. தோல்ல நானே ஒண்ணு செஞ்சு தர்றேன்," என்றாள். "ஆனா அதுல யாரும் கை வெக்கக் கூடாது. மரத்துக்கு நடுவுல நிக்கிறவங்க மட்டும்தான் கையால பிடிக்கணும்."

"சரி, எதிர்ப்பக்கமும் ரெண்டு மூங்கிலை நட்டு ஒருத்தரை நிறுத்திடலாம். பிடிச்சவங்க எவ்வளவு நேரம் வெச்சுக்கலாம்?"

அவன் கெட்டவன் இல்லை. விதியை ஒழுங்காகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"ஒரு மூச்சு நேரம்," என்றாள் சடைச்சி.

சொன்னபடி அவள் ஒரு பழைய காய்ந்த தோலைச் செதில் செதிலாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து ஓர் உருண்டை செய்து கொடுத்தாள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நாடுகள் கூடின, ஜெயித்தவர்கள் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். விலங்குகளைப் பார்த்து மனிதர்கள் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டபோது, சுருளன் என்ற பெயரை அவர்களுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று முதல்தான், கம்பங்களுக்கு நடுவில் தனியாக நிற்கிறவருக்கு மட்டும் பந்தைக் கையால் தொட உரிமை உண்டு. விழுந்து பிடித்ததும் அவர் அதை ஒரு மூச்சு நேரம் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார், பிறகு எழுந்து, உதைக்கக் காத்திருப்பவர்களிடமே அதைத் திருப்பி எறிந்துவிடுகிறார்.