காயாத மாமா

ஒரு ஊர்ல ஒரு ஊராம். அந்த ஊருக்குப் பேர் வைக்கணும்னு கூடினவங்க, எதுக்குக் கூடினோம்னு மறந்துட்டுக் கலைஞ்சு போயிட்டாங்களாம். அங்கே நாச்சிமுத்து என்று ஒரு மாமா. அவருக்கு இளைப்பு. கூடவே வெள்ளிங்கிரி, சடையப்பன், மாரண்ணன் என்று மூன்று மருமகன்கள். இளைப்பே தேவலாம்.

மாமாவுக்காக, மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் வந்தது. நர்சம்மா ஒருமுறை மருந்து வைத்துக் காட்டிவிட்டுச் சொன்னார்: “மெஷின்ல தண்ணி படக்கூடாது. மருந்து பட்டதையெல்லாம் வெந்நீர்ல சோப்புப் போட்டுக் கழுவி, நல்லா உதறி, சுத்தமான துணியில கவிழ்த்து வைங்க. துடைக்காதீங்க, காத்துலயே காயட்டும். ஈரத்தோட மாட்டவே கூடாது.”

மாஸ்க்கையும் மருந்துக் குப்பியையும் அப்படியே கழுவிக் கவிழ்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

“மருந்து மாமா மூஞ்சியிலயும் பட்டுதே?” என்றான் வெள்ளிங்கிரி.

“உள்ளேயும் போச்சு. நான் பார்த்தேன்” என்றான் சடையப்பன்.

“டேய், நான் குளிச்சாச்சுடா!”

“அது மருந்துக்கு முன்னாடிங்க மாமா.”

மாமாவைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். இரண்டு பேர் கை, ஒருத்தன் கால் என்று பிடித்து உதறினார்கள். வாசலில் வெள்ளை வேட்டி விரித்துக் குப்புறக் கவிழ்த்தார்கள்.

“துண்டக் குடுங்கடா!”

“துடைக்கக் கூடாதுங்க மாமா.”

சாயங்காலம் வாடைக்காற்று அடித்தது. மாமாவுக்கு நெஞ்சு விசில் ஊதியது. “மருந்து... வைங்கடா...”

மூவரும் கூடிப் பேசினார்கள்.

“மாஸ்க்கு காஞ்சிருச்சு.”

“மாமா?”

மாரண்ணன் தொட்டுப் பார்த்தான். “மூக்குல ஒழுகுது. உள்ள இன்னும் தண்ணி இருக்குது.”

“அப்ப மாட்டக் கூடாது.”

மாமா எழுந்தார். மெஷினைக் கக்கத்தில் இடுக்கினார், மாஸ்க்கையும் குப்பியையும் மடியில் கட்டினார். “நர்சம்மா வீட்டுலயே... வச்சுக்கறேன்... போங்கடா!”

அவர் வாசல் படலைத் திறக்கும்போதே வெள்ளிங்கிரிக்குப் பொறி தட்டியது. “மாமாவத் தொட்டோமே, மருந்து நம்ம மேலயும் பட்டிருக்குமே!”

மளமளவென்று மூவரும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். வெள்ளிங்கிரியை மற்ற இருவரும் உதறிக் கவிழ்த்தார்கள். சடையப்பனை மாரண்ணன் தனியாளாக உதறிக் கவிழ்த்தான். அப்புறம் சொட்டச் சொட்ட நின்று யோசித்தான்.

“அண்ணா, என்னை உதற எந்திரிங்க.”

“காயாம எப்படிடா எந்திரிக்கிறது?”

மாரண்ணன் தெருவுக்கு ஓடினான். “மாமோவ்! ஒரு நிமிஷம் வந்து என்னைக் கவிழ்த்துட்டுப் போங்க!”

இருந்த கொஞ்சம் மூச்சையும் பதில் சொல்லி வீணாக்காமல், மாமா திரும்பியே பார்க்காமல் நடந்து போனார்.