காய் விட்ட முயல்

ஒரு காட்டில், ஓடை நடுவே இருந்த மணல்திட்டில் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. அன்று இக்கரையில் பார்க்க வந்திருந்தவர்கள்: முயல்கள் ஏழு, அணில்கள் ஒன்பது, கவுதாரிகள் நான்கு, உடும்பு ஒன்று. ஆக இருபத்தொரு பேர். முதல் ஆட்டத்தன்று இருபத்தைந்து பேர் இருந்தார்கள்.

ஆடியவர்கள், இக்கரைக்கு ஐந்து குரங்குகள். அக்கரைக்கு ஐந்து காட்டுப்பூனைகள். ஒரு கரையைச் சேர்ந்தவரை மறு கரையார் தீண்டக் கூடாது என்பது ஆட்டத்தின் கட்டுப்பாடு. பூனைகள் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

ஏழு முயல்களில் செவியன் என்பவன் பெரிய ரசிகன். இந்த ஆண்டு எல்லா ஆட்டமும் நமக்கே என்று காடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். நடந்த நான்கிலும் குரங்குகள் தோற்றன. குரங்குகள் கூடை போட்டால் பின்னங்காலால் தரையைத் தட்டுவது அவன் வழக்கம். அதனால் அணில்கள் அவனைக் கண்டபோதெல்லாம், காலுக்கு நல்ல ஓய்வு போலிருக்கிறதே என்று விசாரித்துவிட்டுப் போயின.

தோல்விக்கு ஒருவராக நான்கு பேர் அக்கரைக்கு மாறிவிட்டார்கள். வெல்கிற பக்கம் சுகமாக இருக்கிறார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வந்து சொன்னவர் எவருமில்லை.

ஐந்தாம் ஆட்டமும் அப்படியே போயிற்று. உச்சி வெயில். இலை அசையவில்லை. பூனைகள் ஏழு கூடை போட்டுவிட்டன. ஏழு முறையும் அக்கரையில் சத்தமே இல்லை. கோரைப்புல்லுக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. செவியன் எண்ணினான், பன்னிரண்டு. மறுபடி எண்ணினான், பதினான்கு. ஒன்றுகூட இமைக்கவில்லை.

அப்போது குரங்குத் தலைவன் நெடுவால் எறிந்த பந்து, கூடை விளிம்பை இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. செவியன் எழுந்து சுண்டுவிரலை நீட்டினான்.

"நெடுவாலா, உன்னோடு காய். உன் அணியோடும் காய். இனி நமக்குள் பேச்சே இல்லை."

பாறையைப் பற்றிக் கிடந்த உடும்பு ஒரு கண்ணைத் திறந்தது. "நானும்தான் தினமும் திட்டுகிறேன், தம்பி. திட்டுவதற்காவது இங்கே இருக்க வேண்டாமா? உட்கார்."

"நீங்கள் பிடித்ததை விடமாட்டீர்கள், அண்ணே. எனக்கு ஒரு நாளாவது ஜெயித்துப் பார்க்க வேண்டும்."

செவியன் ஓடையைத் தாண்டினான். தண்ணீர் ஏனோ சில்லென்று இருந்தது.

அக்கரைப் புல்லில், உட்காருவதற்கென்று மிதித்த இடங்கள் ஐந்து இருந்தன. நான்கு காலியாகக் கிடந்தன. ஐந்தாவது இடம் புதிது. ஒரு முயலின் அளவுக்குக் கச்சிதமாக இருந்தது. முன்னால் வந்த நால்வர் எங்கே என்று செவியன் கேட்டான்.

கிழட்டுப் பூனை ஒன்று மெதுவாக முன்னே வந்தது. "வா, செவியா. அங்கே காய் விட்டுவிட்டாய். எங்களோடு பழமா?"

"பழம்," என்றான் செவியன்.

"இன்னொரு முறை சொல். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்."

"பழம்."

புல்லுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"இதுவரை நீ அந்தக் கரை. தொட வழியில்லை," என்றது பூனை. "இப்போது எங்கள் கரை. அதுவும் பழம். உன் வாயாலேயே சொன்னாய். பழத்தை என்ன செய்வார்கள், செவியா?"

அந்த நேரத்தில் இக்கரையில் ஆரவாரம் எழுந்தது. நெடுவால் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்திருந்தது. செவியனின் பின்னங்கால் தன்னையறியாமல் தரையைத் தட்டியது.

அந்த ஓசை உடும்புக்குக் கேட்டது. ஒரே ஒரு தட்டல். இரண்டாவது தட்டலுக்காக உடும்பு வெகுநேரம் காத்திருந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கலையும்போது, தலைகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தது.

இருபது.

நீதி: தோற்கிறார்களே என்ற கோபத்தில் தன்னவரை உதறிவிட்டு, வெல்கிறவர் பக்கம் ஓடாதே.