மாடி வீட்டுக்கு ஆள்

பொன்னம்பல அடிகள் கரூர் வந்தால் நல்லசிவம் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. சீடர் குருவைவிட இருபது வயது மூத்தவர். அதனால் குரு அவரை ஐயா என்பார். அவர் குருவைச் சாமி என்பார்.

மனைவி இறந்த பிறகு நல்லசிவம் கற்றுக்கொண்டது ஒரே ஒரு குழம்பு. அன்றும் அதில் உப்பு கூடிப்போயிருந்தது. குரு மோரை ஊற்றிக்கொண்டார்.

"ஒரு சந்தேகம், சாமி."

"கேளுங்க."

"மாடி வீட்டை யாரை நம்பி வாடகைக்கு விடுறது?"

குருவிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவருக்கே கூச்சம்தான். ஆனால் தூக்கத்தைக் கெடுப்பது அதுவாயிற்றே. முதலில் இருந்தவர் காலி செய்யமாட்டேன் என்று கோர்ட்டுக்கு இழுத்தார். அடுத்து வந்த குடும்பம் பாத்ரூம் கதவை உடைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. அதன்பிறகு யார் வந்து கேட்டாலும் நல்லசிவம் ஏதாவது குற்றம் கண்டுபிடித்து அனுப்பிவிடுவார். வீடு பூட்டியே கிடந்தது.

"இப்ப யாராவது கேட்டிருக்காங்களா?"

"ஒரு அம்மா, ரெஜினான்னு பேரு. மாற்றலாகி வந்த மாட்டு டாக்டர். பதில் கேட்டு இன்னிக்கு வருவாங்க."

"என்ன குறை?"

"தனி ஆள், சாமி. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேக்குறது?"

குரு கை கழுவிவிட்டு மாடி ஏறினார். பூட்டைத் திறப்பதற்குள் நல்லசிவத்துக்கு வேர்த்துவிட்டது. உள்ளே புறா எச்சம். கதவு நிலையில் கரையான் ஏறியிருந்தது. குரு சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்தார். அது அசைவதாக இல்லை.

"இதை யார் கெடுத்தது?"

"யாருமில்ல சாமி. புழங்காமக் கிடந்து இறுகிப்போச்சு."

குரு தரையிலேயே உட்கார்ந்தார்.

"சரி, நான்தான் வீட்டுக்காரன். நீங்க வீடு கேட்டு வந்திருக்கீங்க. எத்தனை பேர்?"

நல்லசிவத்துக்குச் சிரிப்பு வந்தது. "ஒருத்தன்தான்."

"பிள்ளைங்க?"

"ஒரே பையன். கனடாவுல இருக்கான்."

"வீட்டுக்கு யார் யார் வருவாங்க?"

"கேஸ் சிலிண்டர் போடுறவர் வருவாரு." சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

"ராத்திரி லைட்டை எப்ப அணைப்பீங்க?"

"அணைக்கிறதில்ல சாமி. இருட்டுல வீடு ரொம்பப் பெருசாத் தெரியுது."

இதை அவர் மகனிடம்கூடச் சொன்னதில்லை. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று அறுபத்தெட்டு வயதில் யாரிடம் சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குரு விடவில்லை.

"உங்களுக்குத் திடீர்னு முடியாமப் போச்சுன்னா நான் யாரைக் கூப்பிடணும்?"

மகன் பெயர் வாய்வரை வந்தது. கனடாவிலிருந்து எப்போது வந்து சேர்வான்? பக்கத்து வீட்டாரோடு மதில் தகராறு. தம்பியோடு பேச்சுவார்த்தையே இல்லை. வேறு ஒரு பெயரும் தோன்றவில்லை. நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "சார், இருக்கீங்களா?" என்று ஒரு பெண் குரல்.

குரு எழுந்து வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டார்.

"மாட்டு டாக்டரா இருந்தாலும் பரவாயில்லையா, ஐயா?"